தேம்ஸ் ஆற்றில் நின்ற படகு

லண்டன்
24.03.1991

அன்புள்ள யோசப்பினுக்கு,

மாதா காவலில் நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். அம்மாவின் கால்வீக்கம் வற்றியதா?

நான் துப்புரவு வேலை செய்யும் படகுக் கழகத்தில் அறுபது தாண்டிய கிழவர்களின் அணி ஒன்று இருக்கிறது. ஒருவருக்குச் சுகமில்லாததால், ஒரு வருடமாகத் தங்களோடு துடுப்பு வலித்துப் பழகிய என்னையும் சேர்த்து நேற்று ஆற்றுப் போட்டிக்குப் போனார்கள். பாதி வழியில் தலைக்கு மேலே ஹெலிகொப்டர் ஒன்று பறந்தது. நான் துடுப்பை விட்டுவிட்டு, “பொனிப்பாஸ், தண்ணிக்கை குதியடா!” என்று கத்திவிட்டேன். குருநகர்க் கடலில் ஹெலிகொப்டரிலிருந்து தம்பியைச் சுட்ட அன்று கத்திய அதே வார்த்தை. படகு நின்றது. பின்னால் வந்தவர்கள் முந்திப் போனார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. நான் மறுபடி துடுப்பைப் பிடிக்கும்வரை காத்திருந்தார்கள். கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

கரையில் தேத்தண்ணி குடிக்கும்போது, பொனிப்பாஸ் யார் என்று ஹரல்ட் கிழவர் கேட்டார். என் தம்பி என்றேன். இப்போது என்ன செய்கிறான் என்றார். ஊரில் மீன் பிடிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வேறு விதமாகச் சொல்ல வாய் வரவில்லை.

கிழவருக்கு அவனுடைய படத்தைப் பார்க்க வேண்டுமாம். பெட்டிக்குள் இருக்கும் எங்கள் கலியாணப் படத்தில் என் பக்கத்தில் நிற்கிறான். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து அனுப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன்
சிமியோன்