லாரியைப் பிடிக்க வாங்கிய கேமரா

என் கண்ணான மாப்பிள்ளை தேசிங்குக்கு, மாமன் சொல்லி அனுப்புவது.

கடல் குப்பத்துக்குள் ஏறி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வியாசர்பாடியில் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். நம் தெரு ரேஷன் கடையில் அரிசி நனைந்து நாறியது. அந்த மழை விட்டு முதல் வெயில் அடித்த அன்றைக்குத்தான் நீங்கள் போனீர்கள். எனக்குத் தேதி தெரியாது, வெயில் தெரியும். காலையில் என் மகள் வடிவு கொடியில் போட்ட உங்கள் சட்டை அன்றைக்குத்தான் முழுசாகக் காய்ந்தது. அதை எடுத்து மடிக்கத்தான் ஆள் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார்கள். என் பேச்சை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். அந்தக் கடலோரச் சாலையில் சைக்கிளில் போகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

ஹார்பருக்குள் போகக் காத்துக்கிடக்கிற கன்டெய்னர் வண்டிகள் சாலையின் இடது பாதியை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். வலது பாதியில் மற்ற வண்டிகள் ஓடும். நிற்கிறதற்கும் ஓடுகிறதற்கும் நடுவே ஒரு சந்து. அதில்தான் சைக்கிள்காரன் போகவேண்டும். அதில்தான் நீங்கள் ராயபுரம் லேத் பட்டறைக்கு தினமும் போனீர்கள். அதில்தான், வளைந்த விளக்குக் கம்பத்துக்கு எதிரே, உங்களைப் படுக்கவைத்து மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு கிளீனர் தன் வண்டித் தார்ப்பாயை உருவிக் கொடுத்தான். நானும் வடிவும் ஓடி வந்தபோது உங்கள் செருப்பு ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

"வண்டி நம்பர் இன்னா?" என்று போலீஸ்காரர் வரிசையில் நின்ற ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டார். அத்தனை பேரும் "கவனிக்கலீங்க" என்றார்கள். அடித்துவிட்டுப் போனவன் போனவன்தான். அடையாளம் தெரியாத வண்டி என்று எழுதி மூடிவிட்டார்கள். அடையாளம் தெரியாமல் எப்படிப் போகும், மாப்பிள்ளை? அத்தனை பெரிய வண்டி!

நீங்கள் போன பிறகு வடிவு வெகுநாள் எழுந்திருக்கவில்லை. போன தையில்தான் காசிமேட்டுப் பக்கம் ஒரு எறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சைக்கிளில்தான் போவேன் என்றாள். அதே சாலை. நான் வேண்டாம் என்றால் கேட்கிற பிள்ளையா? உங்களைக் கட்டும்போதே நான் வேண்டாம் என்றேன், கேட்டாளா? கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறகு நானே ஊரெல்லாம் உங்களைப் பற்றிப் பெருமை பேசினேன், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

சரி, நானும் பின்னால் வருகிறேன் என்று என் பழைய வண்டியைத் துடைத்து எடுத்தேன். பின்னால் போய் என்ன செய்ய? லாரி இடித்தால் எழுத்துத் தெரிந்தவன் நம்பரைப் படித்து மனதில் வைத்துக்கொள்வான். எனக்கு மனசு இருக்கிறது, எழுத்து இல்லை. அப்போதுதான் கேமரா என்று தோன்றியது. அது பார்த்துவைக்கும், படிக்கத் தெரிந்தவன் பிறகு படித்துக்கொள்வான்.

உங்களுக்குக் கேமராவே ஆகாது. கல்யாணப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் மிஷின் சாமான் வாங்கப் போனால் உங்களைத்தானே கூட்டிக்கொண்டு போவேன்? இந்த முறை தனியாகப் பஸ் ஏறினேன். பீச் ஸ்டேஷன் எதிரே பஜாரில் ஒரு பாய் கடை.

"இன்னா பெர்சு, பேத்திக்குக் கண்ணாலமா?" என்றார்.

"இல்ல பாய். சைக்கிள்ல போய்கினே படம் புடிக்கணும்."

"சைக்கிள்ல போய்கினேவா? இந்த வயசுல டைரக்டர் ஆயிட்டியா?"

"லாரிய புடிக்கணும். நம்பர் தெரியணும்."

முதலில் ரோல் போடுகிற கேமராவை எடுத்தார். கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்குக் கட்டைவிரலால் சுற்றவேண்டும். இருட்டினால் பளிச்சென்று வெளிச்சம் வேறு அடிக்கும். "இத்த வெச்சிகினு நான் சுத்தி முடிக்கிறதுக்குள்ள லாரி ஹார்பருக்குள்ள பூந்துடும் பாய்" என்றேன். அடுத்து கேமரா வைத்த செல்போன். அதில் எடுத்த நம்பர் பலகை கொசு நசுங்கினாற்போல் இருந்தது. மூன்றாவது, டிஜிட்டல். சோப்புக்கட்டி அளவு. ஓடுகிற படமும் எடுக்கும். பொட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி போட்டால் போதும். முக்கியமாக, எடுக்க ஒரே ஒரு பொத்தான், அதில் எழுத்து இல்லை, சிவப்புப் புள்ளி.

"இத்த சோதிச்சுப் பாக்கணும்" என்றேன்.

"இன்னா பெர்சு, கத்திரிக்காவா வாங்குற, நகத்தால கிள்ளிப் பாக்க?"

விடவில்லை. பாயைச் சாலை ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஓடுகிற பஸ்ஸை எடுக்கச் சொன்னேன். பிறகு அந்தப் பக்கம் போன ஒரு காலேஜ் பிள்ளையை நிறுத்தி, "கண்ணு, இதுல வண்டி நம்பரு படிக்க வருதா பாரு" என்றேன். அந்தப் பெண் தடங்கல் இல்லாமல் படித்தது. அப்புறம்தான் மடியை அவிழ்த்தேன்.

பேட்டரி போட்டுக்கொண்டே பாய் கேட்டார்: "எந்த லாரிப்பா உன்னிய இம்மாம் பேஜார் பண்ணுது?" சொன்னேன். அதன் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு தோல் பையும் கூட வைத்து, "கையில புடிக்காத. ஹேண்டில்பாரோட இறுக்கிக் கட்டிக்கோ. ரெண்டு கையும் வண்டில இருக்கட்டும்" என்றார்.

கட்டுவதற்கு நான் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கயிற்றில் கட்டினால் தலை சாய்ந்து என் முட்டியையே எடுத்தது. கம்பியில் கட்டினால் சாலைப் பள்ளத்தில் அதிர்ந்து எல்லாம் கலங்கல். கடைசியில் பழைய டியூப்பை ரிப்பனாக வெட்டி, அடியில் ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றை மெத்தையாகக் கொடுத்துக் கட்டினேன். நின்றுவிட்டது. பட்டறைக்காரராகிய நீங்கள் பார்த்தால் ஏதாவது குறை சொல்லியிருப்பீர்கள்.

வடிவுக்குத்தான் மானம் போயிற்று. "ப்பா, பின்னாலயே வராத. கம்பெனில எல்லாரும் சிரிக்கிறாளுங்க. உங்கப்பா உனுக்கு ரெண்டாவது கண்ணாலத்துக்குப் படம் புடிக்கிறாராடின்றாளுங்க" என்றாள்.

"நீ இன்னா சொன்ன?"

"மாப்ள யாருன்னு கேட்டேன். கம்னு ஆயிட்டாளுங்க."

அது போதும் எனக்கு. தினமும் காலையில் வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் சிவப்புப் புள்ளியை அமுக்குவேன். வரிசை முடிந்ததும் அணைப்பேன். வழியெல்லாம் என் கண் லாரி மேலேயே இருக்கும். எவன் ஒட்டி வருகிறான், எவன் ஹாரன் அடிக்காமல் வருகிறான் என்று.

போன மாதம் ஒருநாள் அது நடந்தது. கிறீச்சென்று பிரேக் சத்தம். ஒரு ட்ரெய்லர் வடிவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் ஆடிப்போய்க் காலை ஊன்றிவிட்டாள். டிரைவர் தலையை நீட்டி, "வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனான். எனக்கு அப்போது பயம்கூட வரவில்லை, மாப்பிள்ளை. சிக்கினான், சிக்கினான் என்றுதான் மனசு குதித்தது. உங்களை அடித்தவனே அவன்தான் என்பதுபோல.

அவளைக் கம்பெனியில் விட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு ஏட்டு இருந்தார், நடுவயசு. கேமராவை வாங்கிப் பார்த்தார். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"நம்பர் தெரீதுங்களா?" என்றேன்.

"நல்லா தெரீது. ஆனா இங்க வந்து பாரு பெர்சு. லாரி நேராத்தான் வர்றான். உம் பொண்ணுதான் சந்துலேந்து வெளிய வருது. அவன் மட்டும் பிரேக் போடலன்னா..."

நான் நம்பவில்லை. ஏட்டு பொத்தானைத் தட்டி முந்தின நாள் படத்தை ஓடவிட்டார். அதற்கு முந்தின நாளையும். "தோ, கம்பம் வருது. இப்போ பாரு. வெளிய போவுது, தாண்டினதும் உள்ள வருது. எல்லா நாளும் அதே எடம்." கேமராவை மெதுவாக என் கையில் வைத்தார். "லாரிக்காரன அப்பறம் பாத்துக்கலாம். போய் பொண்ணுகிட்ட பேசு."

வளைந்த விளக்குக் கம்பம். அவள் பின்னாலேயே இத்தனை நாள் போயிருக்கிறேன், லாரியைப் பார்த்தேனே தவிர அவளைப் பார்க்கவில்லை. உங்களோடு வந்துவிடத்தான் பார்க்கிறாளோ? ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

சாயங்காலம் அவள் கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கம்பத்தாண்ட இன்னாத்துக்கும்மா வெளிய போற?" என்றேன்.

"எந்தக் கம்பம்?"

"வடிவு."

பம்பு நின்றது. குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

"அங்கதானப்பா அவுரு படுத்துனு இருந்தாரு. தலை கம்பத்தாண்ட, காலு இந்தாண்ட. அவுரு மேல எப்டிப்பா வண்டிய ஏத்திகினு போறது?"

"அது ரோடும்மா."

"உனுக்கு ரோடு."

சாகப் பார்க்கவில்லை. அந்த மட்டும் மூச்சு வந்தது எனக்கு. ஆனால் உங்களை மிதிக்காமல் போவதற்காகத் தினமும் சாவுக்குள் நுழைந்து வெளியே வருகிறாளே, அதற்கு என்ன சொல்வேன்? இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றேன். "நடந்தா மட்டும் மிதிக்கமாட்டனா?" என்றாள். ஷேர் ஆட்டோவில் போ என்றேன். "ஆட்டோ ஏறும்ல? நான் உள்ள குந்திகினு தானே இருப்பேன்?" என்றாள். வேலையை விடு என்று சொல்ல வாய் வரவில்லை. எறால் உரித்துக் கை வெந்து வந்தாலும், அந்த வேலைக்குப் போன பிறகுதான் அவள் மறுபடியும் தலையைச் சீவிக்கொள்கிறாள்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்த இடத்தின் மேல் ராப்பகலாகச் சக்கரம் ஏறுகிறது, மாப்பிள்ளை. எல்லாம் எவன் எவனோ சக்கரம். உங்கள் பேர் தெரியாதவன், ஊர் தெரியாதவன் சக்கரம். நம் வீட்டுச் சக்கரம் மட்டும்தான் அதன் மேல் ஏறவில்லை. உங்களைத் தெரிந்த ஒருவன், பார்த்து, மெதுவாக, உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு ஏறிப் போனால் உங்களுக்கு வலிக்குமா?

இதை அவளிடம் சொன்னேன். "நான் முன்னால போறேன். பாவம்னா எனுக்கு வரட்டும். நீ என் சக்கரத் தடத்து மேலயே வா. நீ ஏத்தினதா ஆவாது."

"அவுரு ஒத்துக்குவாரா?" என்றாள்.

"நீயே கேளேன்."

"நான் கேட்டா அழுதுருவேன். நீ கேளு."

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முன்னால் போகிறவன் ஹேண்டில்பாரில் கேமரா இருந்து பிரயோசனமில்லை. பின்னால் வருகிறவள் அதில் விழமாட்டாள். அதனால் டியூப் ரிப்பனை அறுத்து எடுத்துவிட்டேன். உங்களை அடித்தவன் கிடைக்கவில்லை. நம்பர் தெரியாமலே அவன் வயசாகிச் செத்தும் போகலாம். அந்த ஆத்திரம் எனக்குப் போகாது, போகவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் இனி சாலையில் போகும்போது அவனைத் தேட எனக்குக் கண் இல்லை.

நீங்கள் எந்தச் சொல்லும் அனுப்பமாட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் வாய் திறந்து மறுத்ததும் இல்லை என்னை. மாமா சொன்னால் சரி மாமா என்பீர்கள், அந்தத் தைரியத்தில்தான் இறங்குகிறேன்.

திங்கட்கிழமை காலை வருவோம். கம்பம் தெரிந்ததும் மணி அடிப்பேன். வேகத்தைக் குறைப்பேன். உங்கள் பேரைச் சொல்லிவிட்டு ஏறுவேன், மனசாரப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முடிகிறவரைக்கும் தினமும் அவளுக்கு முன்னால் என் சக்கரம்தான் போகும், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. உங்கள் அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பிள்ளையாக வந்த நீங்களும் போய்விட்டீர்கள். எனக்கென்று இந்தச் சாலையில் உயிரோடு வர மிச்சம் ஒருத்திதான்.

உங்கள் மாமனார்
மாசிலாமணி,
வடிவுக்கு அப்பா.