தூங்க வைத்த உலை

இன்று காலை உன் மனைவி, என் தங்கை, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதினாள். வாடை கூடத்துக்கு வந்ததும் எழுந்துபோய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் வந்துவிட்டது. கரி கேஸில் ஓடும் வண்டி இப்போது விழுப்புரத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்கு மட்டும் அந்த வாடை போகவில்லை.

நம் முதல் கார், சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் நாம் இருவரும் சேர்ந்து வாங்கியது. துணிக் கூரை, பக்கங்களில் வார் போட்டுக் கட்டும் படுதா. உனக்கு ரோடு போதாது. மண்டகப்பட்டுப் பக்கம் வண்டிப்பாதையை விட்டு இறங்கி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் விட்டாய். கொல்லைக்காரர் தடியோடு ஓடிவந்து, "இன்னாப்பா, இது காரா, ஏரா?" என்றார். "உழுதுட்டேங்க, வெதச்சிக்கோங்க" என்றாய். அந்த வாய்க்கே உன்னை நாலு போட்டிருக்கலாம். மனுஷன் சிரித்துவிட்டார்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு பெட்ரோலுக்குப் பதில் கேஸ் தர, காரின் பின்னால் கரி உலையைப் பூட்டினோம். பற்றவைக்க அரை மணி நேரம் விசிறி சுற்ற வேண்டும். அதனால் வண்டியை நிறுத்தினால் யாரும் நெருப்பை அணைப்பதில்லை. மூடி போட்டுக் கனிய விடுவோம். அதற்குத் 'தூங்க வைப்பது' என்று பெயர்.

திண்டிவனத்தில் பழைய டயர் ஒன்று விலைக்கு வருகிறதென்று போனோமே, அன்று வழியிலேயே உனக்கு ஜுரம். போய்ச் சேர்ந்தபோது மழை. "நீ போய்ப் பாத்துக்கினு வா, நான் வண்டிலியே படுத்துக்கறேன். ஒலைய அணைச்சிட்றா, தல சுத்துது" என்றாய். அவசரக்காரன் நான். "அணைச்சா அப்பறம் யாரு சுத்துறது? தூங்க வச்சிருக்கேன், கெட மாப்ளே" என்றேன். நீ நனைந்தால் தங்கை என்னைத்தான் திட்டுவாள் என்று நாலு பக்கப் படுதாவையும் வெளியிலிருந்து இழுத்து வார் கட்டினேன்.

டயரைப் பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டயர்க்காரர் தன் முதல் கார் கதையை எடுத்தார். நான் விடுவேனா? மல்லாட்டைக் கொல்லையை நடித்தே காட்டினேன். மழை விட்டும் பேச்சு விடவில்லை. திரும்பி வந்து, "ஏ கும்பகர்ணா" என்று படுதாவைத் தட்டினேன். வாரை அவிழ்த்தபோது உன் முகம் ஜுரம் விட்டவன் முகம்போல நல்ல நிறமாக இருந்தது. தொட்ட பிறகுதான் தெரிந்தது, உயிர் இல்லை என்று. தூங்க வைத்த உலையின் கேஸ் படுதாவுக்குள்ளேயே தேங்கியிருந்தது.

படுதாவை நீயே இறக்கிக்கொண்டாய் என்று ஊருக்குச் சொன்னேன். தங்கைக்கும் அதையே சொன்னேன். காரைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

இன்று ஜன்னலருகே நான் நிற்கையில், உன் மகன் சட்டையைத் தேய்த்தபடியே அவள் கேட்டாள்: "ஏண்ணா, அவருக்குத்தான் புழுக்கமே ஆவாதே, எப்டி நாலு பக்கமும் மூடிக்கினாரு? வாரு வெளியிலதான இருக்கும்?"

நான் திறந்திருந்த ஜன்னலை இன்னும் அகலத் தள்ளினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு, எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் திட்டுவாளே என்றுதான் அன்று கட்டினேன், மாப்ளே. இன்றுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.