அப்பா மாற்றிய பாட்டரி

அன்புள்ள குசானோ அண்ணாவுக்கு,

இங்கே தகாசாகியில் மலைக்காற்று இன்னும் ஓயவில்லை. குஷிரோவில் துறைமுகமே உறைந்திருக்கும் என்று அம்மா சொன்னார். மீன் கிடங்கு வேலையில் உங்கள் விரல்கள் விறைத்துப் போகாமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம். அப்பா கடையை மறுபடி திறந்துவிட்டார். திறந்த அன்றே பழுதான ஹீட்டர்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கடையின் பின்னறையில், ரிப்பேருக்கு வந்த வாஷிங் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். தொலைபேசி அப்பாவின் மேசைமேல் இருப்பதால் அதில் பேச வழியில்லை. மாடியில் அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிட்டு, பிறகு மீண்டும் எழுதுகிறேன். அதனால் வரிகள் கோணலாக இருக்கலாம்.

நோபுயா அண்ணனின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு, அவருடைய இசைக்குழுவின் சார்பில் நீங்கள் வருவதாக அப்பா சொன்னார். அன்று அஸ்தியைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும் முன், அண்ணனின் கீபோர்டை வீட்டுப் பூஜை மாடத்தின் எதிரில் வைக்கப் போகிறார். அண்ணன் உருவாக்கிய ஒலி ஒன்றை உங்களை வாசிக்கச் சொல்லப் போகிறார். ஆனால் அந்த ஒலிகள் ஒன்றுகூட இப்போது அதில் இல்லை. அது அப்பாவுக்குத் தெரியாது.

கீபோர்டுக்குள், ஒலிகளை அழியாமல் வைத்திருக்க, காசு அளவில் ஒரு பாட்டரி இருப்பது உங்களுக்குத் தெரியும். "இதுதான்டி என் மூளை. இது செத்தா நான் காலி" என்று அண்ணன் சிரிப்பார். ஒலிகளைக் கேசட்டில் எடுத்து வைக்கச் சொன்னால், அடுத்த வாரம் என்பார். ஒத்திகை அறையில் மயங்கி விழுந்த அன்று காலையிலும் அதையேதான் சொன்னார்.

இறுதிச் சடங்கு முடிந்த பிறகு அப்பா முதல் முறையாக அதைத் தொட்டு இயக்கிப் பார்த்திருக்கிறார். திரையில் பாட்டரி எச்சரிக்கை மின்னியிருக்கிறது. நான் பள்ளியில் இருந்த நேரம் அது. கடைப் பையன்களிடம் அவர் எப்போதும் சொல்வாரே, "கரண்டைப் பிடுங்காம எதுலயும் கை வைக்காதீங்கடா" என்று. அப்படியே பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பழைய பாட்டரியை எடுத்து, ஸ்பிரிட்டால் தூசியைத் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, புதியதைப் போட்டிருக்கிறார். கரண்ட் இருக்கும்போதே மாற்றியிருந்தால் ஒலிகள் பிழைத்திருக்கும். இசைக்கருவிக் கடைக்காரரிடம் தோழியின் கீபோர்டு என்று பொய் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரைகுறை மெக்கானிக் யாராவது செய்திருந்தால் ஒருவேளை பிளக்கைப் பிடுங்காமலே மாற்றியிருப்பான்.

அன்று மாலை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா கனாயே, உன் அண்ணன் பெட்டியப் பாரு. இன்னும் பத்து வருஷத்துக்குக் கெடாது" என்றார். சாவுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். திரையில் அண்ணன் தன் ஒலிகளுக்கு வைத்த பெயர்கள் இல்லை. 'ஈர சாக்ஸ்' இல்லை. 'பக்கத்து வீட்டு நாய்' இல்லை. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள்தான் இருந்தன. அந்த ஆங்கிலப் பெயர்களின் வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு கட்டையை அழுத்தி, வெறும் பியானோ ஒலியை, அது அடங்கும்வரை தலை குனிந்து கேட்டார். "நல்லாத்தான்டா இருக்கு. நான்தான் வந்து கேக்கல" என்றார். அண்ணனிடம் பேசுவது போலவே இருந்தது. ஆமாம்ப்பா, நன்றாக இருக்கிறது என்றேன்.

அவர்கள் சண்டை உங்களுக்குத் தெரியாததல்ல. "என்ன கண்றாவிடா இது" என்று அப்பா கத்துவார். "ஊர்ல டிக்கெட் வாங்கிக் கேக்குறாங்கப்பா, உங்களுக்கு ஓசி" என்பார் அண்ணன். "வாங்கினவனக் கூட்டிட்டு வா, அவனுக்குக் காது மெஷின் விக்கிறேன்" என்று அப்பா முடிப்பார். அம்மா சாப்பாட்டு மேசையில் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

சாவு வீட்டில் நீங்கள் அம்மாவிடம் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாங்க நாலு பேரும் மழையில ஓடுற மாதிரி வாசிப்போம், நோபுயா ஒரு சுரத்தை நீட்டிப் பிடிச்சா தலைக்கு மேல கூரை வந்துரும் என்றீர்கள். மேடையில் நான் கவனித்தது வேறு. அண்ணன் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்காமல் காத்திருப்பாரே, அதுதான். வீட்டில் ஒரு டீ கொதிக்கும்வரைகூடப் பொறுக்காதவர்.

இப்போது என் வேண்டுகோள். உங்கள் கடைசிப் பாட்டில், எல்லோரும் நிறுத்திய பிறகு அடியில் ஓர் உறுமல் தனியாக நிற்குமே, அது எங்கள் கடையின் பழைய ஃபிரிட்ஜ். அப்பா டெலிவரிக்குப் போயிருந்தபோது அண்ணன் அதன் பக்கத்தில் மண்டிபோட்டு, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு அந்த ஒலியைச் செய்தார். 'கிழவர்' என்று பெயர் வைத்தார். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதை மறுபடி உண்டாக்க, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தினமும் முயல்கிறேன். வாக்குவம் கிளீனர் சத்தம்தான் வருகிறது. உங்கள் காதில் அது இருக்கும். அத்தனை வருடம் அவர் பக்கத்தில் நின்றீர்கள்.

ஒரு நாள் முன்னதாகவே வந்து, அந்த ஒலியை மறுபடி செய்து தாருங்கள். வயர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னால் போதும். அன்று மதியம் அப்பா பிக்குவைப் பார்க்கக் கோயிலுக்குப் போவார். பதில் எழுதுவதானால் உறையில் உள்ள தோழி மிஹாருவின் முகவரிக்கு எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கொஞ்சம் மாறியிருந்தாலும் பரவாயில்லை. அப்பா நிச்சயம் கேட்பார், இது அவன் செஞ்சதுதானா என்று. உங்களுக்குப் பொய் சொல்லவே வராது என்று அண்ணன் கேலி செய்வார். அதனால் அப்பாவின் முகத்தைப் பார்க்காதீர்கள். கட்டைகளையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், அண்ணா.

உங்கள் கைகளை நம்பியிருக்கும்,
கனாயே