திராட்சை வாசமடித்த தட்டு

காளவாசலில் நாம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஜூஸ் கடை இருக்குமே, அங்கே நேற்று கடைக்காரர் பன்னீர் திராட்சையை மிக்ஸியில் அடித்துவிட்டு மூடியைத் திறந்தார். வாசம் நேராக வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. ஒன்பது மாதமாக அந்த வாசம் வந்தாலே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறவள் நான். நேற்று போகவில்லை. "அண்ணே, ஒரு கிரேப்பு" என்றேன். நின்று, முழுசாகக் குடித்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், மாப்ள. இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வதை உன் அம்மா இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடப் படிப்பில் சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் வருகிறது. திருமங்கலத்துப் பக்கம் ஒரு ஊரிலிருந்து நான், வில்லாபுரத்திலிருந்து நீ, லேபில் ஒரே மேசை. "மைக்ரோ பயலுகளைப் பத்திப் படிக்கிறதுனால இது மைக்ரோ பயலாஜி" என்றேன். நீ சிரிக்கவில்லை. "அகார்னா என்னன்னு தெரியுமா? கிருமிக்கு ஆகாரம்" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

"இன்னும் எம்புட்டு வச்சிருக்க? மொத்தமாச் சொல்லிரு, ஒரேயடியாச் சிரிச்சிர்றேன்" என்றாய்.

அந்தக் கோபத்தில்தான் மூடிகளை மாற்றினேன். கிருமி வளர்க்கிற வட்டத் தட்டுகளில் எல்லோரும் மூடியில் பெயர் எழுதி இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். அத்தனை மூடிகளையும் இடம் மாற்றிப் போட்டேன். மறுநாள் லேபில் சந்தை இரைச்சல். நீ மட்டும் வந்து, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, உன் பாட்டுக்கு மைக்ராஸ்கோப்புக்குப் போய்விட்டாய். உன் பெயரைத் தட்டின் அடிப்பக்கத்தில் எழுதியிருந்தாய்.

"மூடி ஊரு சுத்தும்டி. அடிதான் கிருமியோட இருக்கும். பேரை அடியில எழுது."

அன்றிலிருந்து உன்னை ஏமாற்றுவதே என் முழுநேரப் படிப்பு ஆனது.

இரண்டாம் ஆண்டில் சூடோமோனாஸ் வந்தது. தட்டெல்லாம் பச்சையாகப் பளபளக்கும், பழுத்த திராட்சை வாசம் அடிக்கும் கிருமி. "தட்டை மூக்குக்கிட்டக் கொண்டுபோகக் கூடாது" என்று மேடம் மூன்று தடவை சொன்னார். செய்யாதே என்று மூன்று தடவை சொன்னால் எனக்கு அது வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி. நீ குனிந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து தட்டை உன் மூக்குக்குக் கீழே நீட்டி மூடியைத் தூக்கினேன்.

"கம்பத்துப் பன்னீர் திராட்சை! சாப்பிடுறியா மாப்ள?"

நன்றாக இழுத்து முகர்ந்துவிட்டுத்தான் திரும்பினாய். தட்டைப் பார்த்தாய். முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாய், கழுவினாய், கழுவிக்கொண்டே இருந்தாய். நான் பின்னாலேயே வந்து நின்றேன்.

"எனக்கு லூபஸ்டி" என்றாய்.

"அது எந்த ரூட்டு பஸ்ஸு?"

வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ள முடியுமானால் முதலில் இதைத்தான் எடுப்பேன். ஆனால் நீ சிரித்தாய். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, சுவரில் சாய்ந்துகொண்டு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தாய்.

அப்புறம் விளக்கினாய். "வீட்டு நாயி வீட்டாளையே கடிக்குதுன்னு வச்சுக்க. அதான் என் சீக்கு. மாத்திரை குடுத்து நாயைக் கட்டிப் போட்டுருக்காங்க. இப்பத் திருடன் வந்தா குரைக்க ஆளில்ல."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ எங்கிட்ட விளையாட மாட்டியே."

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படிக்கிற இம்யூனாலஜிப் பாடத்தில் அந்த நாயைப் பற்றி இரண்டு அத்தியாயம் படித்திருக்கிறேன். நீ சொன்ன மூன்று வரிக்கு மேல் அதில் எதுவும் என் மண்டையில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் உன்னிடம் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பேன். "பஸ்ஸு இன்னும் கெளம்பல" என்பாய். நான்கு மாதம் கிளம்பவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை நீ வரவில்லை. காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சை. பதினேழாம் நாள் வில்லாபுரத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கிருமி பேரை டாக்டர் சொன்னாரு தாயி. சூடோ, சூடோன்னு என்னமோ ஆரம்பிச்சுச்சு."

அதற்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை.

பல்கலைக்கழகம் போவதை நிறுத்தினேன். "படிக்கப் பிடிக்கலன்னா மில்லுக்குப் போ. படுத்தே கெடந்தா தலையில பேனுதான் வளரும்" என்றாள் அம்மா. பேன் வளர்ப்பதும் ஒருவகை பயாலஜிதானே என்று சொல்ல வாய் எழவில்லை. அம்மாவே பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

படுத்த பன்னிரண்டாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. உன்னைக் கொன்றது என் தட்டா இல்லையா என்று ஆயுசு முழுக்கப் படுத்துக்கொண்டு யோசிக்கலாம். அல்லது போய்ப் பார்க்கலாம். பார்க்கிற வழி தெரிந்த படிப்பைத்தானே படிக்கிறேன்?

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுதினால் காகிதம் கருகிவிடும். கடைசியில், "செஞ்ச தப்பை லெட்டரா எழுதித் துறைக்குக் குடு. குடுத்துட்டு வா, டிஸ்க் போடுவோம்" என்றார்.

அன்றைய தட்டுக்குக் கிருமி விதை எடுத்த குப்பி இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தது. அந்தக் கிருமியைப் புதுத் தட்டுகளில் தடவி, மேலே ஸ்டிக்கர் பொட்டு மாதிரியான காகித வட்டுகளை வைத்தேன். ஒவ்வொரு வட்டிலும் ஒரு மருந்து. மருந்துக்குக் கிருமி சாகுமென்றால் வட்டைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வளையம் விழும். சாகாதென்றால் வட்டை ஒட்டியே வளர்ந்து நிற்கும். இந்தக் கிருமிக்கு வழக்கமாகப் போட்டுப் பார்க்கிற எட்டு மருந்து. தட்டின் அடியில் உன் பெயரை எழுதினேன்.

மறுநாள் திறந்தபோது எட்டிலும் வளையம். ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் பேனாவால் எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்கினேன். உன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பார்த்தால் என் கண் எனக்கு வேண்டியதைத்தான் அளக்கும்.

பிறகுதான் வில்லாபுரம். உன் அப்பா கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தட்டு, திராட்சை, மூக்கு, எல்லாம். அவர் கை நின்றது.

"அன்னைக்கே வீட்டுல வந்து சொல்லிட்டாளே தாயி" என்றார். "எந்த ரூட்டு பஸ்ஸுன்னு கேட்டியாமே. சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. உன் மேல தப்பிருந்தா அப்பிடிச் சிரிப்பாளா?"

"அவ சிரிச்சா போதாதுப்பா. ரிப்போர்ட்டு வேணும்."

கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார். பையின் அடியில் அந்தத் தாள் இருந்தது. அதே எட்டு மருந்துகள். ஏழுக்கு நேராகக் கேட்காது என்று போட்டிருந்தது. எட்டாவது அரைகுறை. என் தட்டில் எந்த மருந்தைக் கண்டாலும் செத்த கிருமி. உன் நெஞ்சில் எதற்கும் அசையாத கிருமி. பெயர்தான் ஒன்று.

தாளை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சத்தியம் பண்ணிச் சொல்ல இந்த ஒரு டெஸ்ட் பத்தாது" என்றார். "ஆனா உன் தட்டுல இருந்த ஆளு இந்த ஆளு மாதிரி தெரியல."

அன்றைக்குத்தான் உனக்காக அழுதேன், மாப்ள. அதுவரை அழுததெல்லாம் எனக்காக.

அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. நான் எறிந்த கல் உன் மேல் படவில்லை, அவ்வளவுதான். எறிந்தது எறிந்ததுதான். அதைத் துறையில் இருக்கிற அந்த லெட்டர் சொல்லும், நானும் சொல்வேன். ஏழு மருந்துக்கு மசியாத அந்தக் கிருமியை எட்டாவது எப்படி அடக்கும் என்பதைத்தான் மேற்கொண்டு படிக்கப் போகிறேன். விடப்போவதில்லை.

இந்த வாரம் முதலாண்டு லேப் தொடங்கியது. மேடத்திடம் கேட்டு, வாசலில் நான்தான் நிற்கிறேன். "மாஸ்க்கைப் போடு. பேரை அடியில எழுது. தட்டை மோந்து பாத்தா கையை ஒடிச்சுருவேன். மாத்திரை சாப்பிடுறவுக இருந்தா மேடத்துக்கிட்டயோ எங்கிட்டயோ தனியா வந்து சொல்லிருங்க, வெளிய போகாது."

"அக்காவை வாசல்ல கட்டிப் போட்டுருக்காங்களா? இந்தக் குரை குரைக்கிறாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் அவர்களே பயந்துவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, நான் ஒரு மாத்திரை சாப்பிடுறேன். யாருக்கும் தெரியாது" என்றாள். "நாளைக்கு என்கூட வா, மேடத்துக்கிட்டப் பேசுவோம்" என்றேன்.

குரைக்க ஆளில்லை என்றாயே. இருக்கிறேன், மாப்ள.