முன்னால் போன மூட்டை

கரையான்சாவடி,
12-9-1937

என் பெஞ்சித் தோழி ஜெயசீலிக்கு அங்கம்மா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அதனால்தான் எனக்கு இடுப்பு ஒடிகிறது. ஒருத்தராவது சுருண்டு படுத்தால் என்னைக் கூப்பிடுகிற வாயில் ஒன்று குறையும்.

"மூன்றே நாள், தூத்துக்குடி பார்த்துவிட்டுப் போ" என்று நீ எழுத ஆரம்பித்து இருபது வருஷம் இருக்குமா? பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சி நமக்கு. நீ டீச்சரம்மா ஆனாய். நான் பதினோரு பேர் வீட்டுக்கு மூத்த மருமகள் ஆனேன். நீயும் பகலெல்லாம் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். உனக்கு மட்டும் சாயங்காலம் மணி அடித்துவிடுகிறார்கள்.

நேற்று விளையாட்டாக எண்ணிப் பார்த்தேன். உச்சிப்பொழுதுக்குள் அறுபத்துநாலு தடவை என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணி", "பெரிம்மா", "இன்னாமே, எங்கே கீறே?" அங்கம்மா என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. மாடு கத்தினதைச் சேர்த்தால் எழுபது.

இந்தத் தடவை வருகிறேன். அவரிடம் கேட்டாயிற்று. "போய்ட்டு வாயேன், நானா வாணாங்கிறேன்?" என்றார். அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை, ஜெயா. அதுதான் சிக்கலே. வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு என்றைக்கோ வந்திருப்பேன்.

மூன்று நாளைக்கும் என்னென்ன பார்ப்பது என்று எழுது. பட்டணத்துத் துறைமுகம் பதினைந்து மைலில் இருக்கிறதே, அதைப் பார்க்கக் கூடாதா என்பாய். அங்கே போனால் பொழுதோடு திரும்பிவந்து உலை வைக்க வேண்டும். எனக்கு உலைக்கு எட்டாத துறைமுகமாக வேண்டும்.

உன்,
அங்கம்மா

*

தூத்துக்குடி,
20-9-1937

பிரியமுள்ள அங்கம்மா,

ஆண்டவர் உன் இடுப்புக்குப் பலம் தருவாராக.

திட்டம் இது. முதல் நாள் மாதா கோயில், கடற்கரை, துறைமுகம். பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்திலேயே நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். உன்னைப் போலத்தான், "வருகிறேன் வருகிறேன்" என்று எட்டவே நிற்கிற ஜாதி. இரண்டாம் நாள் திருச்செந்தூர். நீ முருகனைப் பார், நான் வெளியே உட்கார்ந்து உன் செருப்பைப் பார்க்கிறேன். வழியில் ஆத்தூரில் உன் வீட்டுக்காரருக்கு வெற்றிலை வாங்கலாம். அந்த வெற்றிலைக்கு இந்தப் பக்கத்தில் பெரிய பெயர். மூன்றாம் நாள் மணப்பாடு. மணல்மேட்டின் உச்சியில் ஒரு கோயில், கீழே கடல். வரும் வழியெல்லாம் உப்பளம்.

இன்னொரு சமாசாரம். கொழும்பில் இருக்கும் என் தம்பி பாஸ்கலின் மனைவி போன மாதம் தவறிப்போனாள். ஐந்து பிள்ளைகள். "அக்கா வந்துவிடு" என்று எழுதியிருக்கிறான். டிசம்பரோடு வேலையை விடுகிறேன். ஜனவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை கப்பல். எனக்கும் இனிமேல் மணி அடிக்க மாட்டார்கள். போனால் திரும்புவேன் என்று தோன்றவில்லை.

ஆகவே அதற்குள் வா.

அன்புள்ள,
ஜெயசீலி

*

கரையான்சாவடி,
11-11-1937

ஜெயாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். ஐந்து பிள்ளைகளா? பாவி, இத்தனை வருஷம் என்னைப் பார்த்துமா உனக்குப் புத்தி வரவில்லை?

நான் ஏன் இன்னும் வரவில்லை என்று கேள். புரட்டாசியில் புறப்பட்ட அன்றைக்குச் சின்ன ஓரகத்திக்கு வலி கண்டது. பத்து நாள் தவணை இருந்த பிள்ளை, நான் புடவை மாற்றியதைப் பார்த்ததும் அவசரப்பட்டுவிட்டது. அடுத்த தடவை மூட்டையோடு வாசற்படி தாண்டிவிட்டேன். பின்னாலிருந்து அவர் குரல்: "எங்கேமே?" புறப்படுகிறவளை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? அவரே தலையில் அடித்துக்கொண்டார். "அடடா, கேட்டுட்டேனே! சகுனம் கெட்டுப்போச்சே! உள்ளே வந்து தண்ணி குடி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." தண்ணீர் குடித்தேன். பஸ் போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால் மறுபடி புறப்பட்டேன், மறுபடி "எங்கேமே?" இரண்டு தடவையும் மறந்துபோய்க் கேட்டார் என்று நம்ப ஆசைதான்.

ஆகவே நானும் ஒரு வேலை செய்தேன். போன வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் என் மூட்டையை எதிர்வீட்டுப் பொன்னியம்மாவிடம் பரஸ்தானமாக வைத்துவிட்டேன். உங்கள் வேதத்தில் இது கிடையாது, சொல்கிறேன் கேள். நல்ல நாளில் ஆள் புறப்பட முடியாவிட்டால், சாமானை மட்டும் படி தாண்டி வேறு வீட்டில் வைத்துவிடலாம். பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அப்புறம் ஆள் பின்னாலே போகலாம். மூட்டை மட்டும் திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது, ஆகாது.

இரண்டு புடவை, ஒரு ரவிக்கை, உனக்குக் கறிவேப்பிலைப் பொடி. அவை புறப்பட்டாயிற்று. நான்தான் பாக்கி.

அலுப்புடன்,
அங்கம்மா

*

தூத்துக்குடி,
5-12-1937

அங்கம்மா,

உன் மூட்டை வந்து சேர்ந்தது. நீ வரவில்லை.

பொன்னியம்மாவின் தம்பியாம், சின்னப்பையன் என்று பெயர், உப்பு வியாபாரிக்காக இங்கே வந்தவர் கொண்டுவந்து கொடுத்தார். "பத்து நாளுக்கு மேலே பரஸ்தானம் எங்க ஊட்ல கீதே, ஆகாதேன்னு அக்கா பயந்துகினாங்க. பின்னால அனுப்பக் கூடாதாமே, அதான் முன்னால அனுப்பிட்டாங்க" என்றார். கரையான்சாவடியைத் தவிர வேறு எந்த ஊரில் இப்படி யோசிப்பார்கள்!

சிரித்துவிட்டு, அதைச் சனிக்கிழமை துறைமுகத்துக்கு எடுத்துப்போனேன். கடலைப் பார்க்கிற மாதிரி கல்லின்மேல் வைத்தேன். "ஆத்தா, யாருக்குக் காத்திருக்கிய?" என்று ஒரு படகுக்காரர் கேட்டார். மூட்டைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஞாயிறன்று திருச்செந்தூருக்கும் கொண்டுபோனேன். அது உள்ளே போகவில்லை, நானும் போகவில்லை. இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

அப்போது சிரிப்பு நின்றுவிட்டது, அங்கம்மா. நாற்பத்தைந்து வயதில் ஒரு துணிமூட்டையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அலுத்துவிட்டது. வருவதானால் வா. வரமாட்டாய் என்றால் ஒரு வரி எழுது. மூட்டையை மாதா கோயில் சாமியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கும் தெம்பில்லை.

ஜெயசீலி

*

(தபால் கார்டு)

கரையான்சாவடி,
20-12-1937

அன்புள்ள ஜெயசீலி டீச்சர் அவர்களுக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம். மார்கழி பிறந்துவிட்டபடியால் யாரும் புதிதாகப் பயணம் தொடங்குவதில்லை. தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டில் அபிப்பிராயப்படுகிறார்கள். அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது. புடவைகளைத் தாங்களே உடுத்திக்கொள்ளவும். கப்பல் பயணம் சுகமாக அமையட்டும்.

இப்படிக்கு,
அங்கம்மாள்

*

எழும்பூர் ஸ்டேஷன்,
4-1-1938, செவ்வாய்க்கிழமை

அடி ஜெயா,

கார்டைப் படித்து அழுதாயா? "டீச்சர் அவர்களுக்கு" என்று நான் எழுதினபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா! அது உனக்கு எழுதினது இல்லை. தபாலில் போட எடுத்துப்போனாரே, அவருக்கு எழுதினது. கவரை ஒட்டிவிடலாம், கார்டை யாரும் படிப்பார்கள். அவரும் தெருமுனை வரைக்கும் படித்துக்கொண்டே போனார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாவம், உனக்கு ரொம்ப ஆசை. தையில கண்டிப்பா போய்ட்டு வா" என்றார். தையில் நீ இருக்கமாட்டாய் என்று அவருக்குத் தெரியும். உன் கடிதங்களை வீட்டில் சத்தமாகப் படித்த முட்டாள் நான்தானே.

இன்று காலை என்ன நடந்தது தெரியுமா? எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு கையை வீசிப் படி இறங்கினேன். மூட்டை இல்லாதவளை யார் எங்கே என்று கேட்பார்கள்? நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எண்ணெயா? வரசொல்லோ வெத்தலை வாங்கிகினு வா" என்றார். "ஆகட்டும்" என்றேன். பொய் இல்லை. ஆத்தூர் வெற்றிலை நல்லது என்று நீதானே எழுதினாய், வாங்கித்தான் போவேன். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். விளக்கு வைத்ததும் பொன்னியம்மா போய்ச் சொல்லிவிடுவாள். சாவிக்கொத்து உறியில் தொங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆகட்டும்.

மார்கழியில் புறப்பட்டாயே என்று யாராவது கேட்டால், நான் ஐப்பசியிலேயே புறப்பட்டுவிட்டேன், போய்ச் சேரத்தான் இரண்டு மாசம் ஆயிற்று என்பேன். கோழி விற்ற காசில் போக வர டிக்கெட் எடுத்திருக்கிறேன். திரும்பிப் போவேன். போகாமல் எங்கே? நீ கொழும்பில் ஐந்து பிள்ளைகளுக்கு, நான் இங்கே பதினோரு பேருக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு இந்த மூன்று நாள்.

மடியில் காலி எண்ணெய்ப் புட்டியோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பொம்பளை, பட்டணத்தில் எண்ணெய் கிடைக்காமல் தெற்கே போகிறேன் என்று நினைக்கிறாள். இதை ஸ்டேஷன் பெட்டியில் போடப்போகிறேன். இதுவும் நானும் ஒரே ரயிலில்தான் வருவோம். யார் முதலில் உன் வாசலுக்கு வருகிறோம் பார்க்கலாம்.

இதுவே முந்திக்கொண்டால் ஒன்று செய். திட்டத்தைக் கொஞ்சம் மாற்று. மணப்பாடு வேண்டாம், அந்த உச்சிவரைக்கும் ஏற எனக்கு மூச்சில்லை. முருகன் இரண்டாம் நாள் இருப்பான், கடல் எங்கும் போகாது. சனிக்கிழமை நீ படகில் ஏறிப் போகிறதைக் கரையில் நின்று கண் மறைகிற வரைக்கும் பார்ப்பேன், அதுவே எனக்குத் துறைமுகம்.

முதல் நாள் ஒன்றும் காட்டாதே. ஒரு பாய் போட்டு வை. தலைக்கு அந்த மூட்டையை வை. கதவைச் சாத்திவிட்டு நீ வெளியே உட்கார்ந்துகொள், யாரையும் என்னைக் கூப்பிட விடாதே. நான் தூங்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் நீயே வந்து எழுப்பு. பேர் சொல்லி எழுப்பு.

உன்,
அங்கம்மா