வெளியே கிடந்த ஸ்பேசர்

செவ்வாய்க்கிழமை.

காலையில் எழுந்ததும் வாசலைப் பெருக்கினேன். விரல் நீள இரும்புக் குழாய் ஒன்று கிடந்தது. நேற்று இவர் பைக்கின் பின்சக்கரத்துக்குப் பேரிங் மாற்றியபோது, இரண்டு பேரிங்குக்கும் நடுவிலிருந்து எடுத்த ஸ்பேசர்.

"இதைப் போடாமலே நட்டை டைட் பண்ணிட்டீங்களா?"

"வண்டி ஓடிக்கினுதான இருக்குது? பி.எஸ்சி. மேடம், பேஜாரு பண்ணாதீங்க" என்று சிரித்துவிட்டுத் திண்டிவனம் கிளம்பினார்.

மாலையில் இவர் திரும்பியதும் சக்கரத்தின் நடுவைத் தொட்டேன். சுட்டது. நட்டை இறுக்கினால் பேரிங் நசுங்கும், தளர்த்தினால் சக்கரம் ஆடும். இடையில் தாங்க எதுவும் இல்லை. சொன்னேன், கேட்கவில்லை. நாளை மகன் அதில்தான் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறான். கண்ணை மூடினால் லாரிகளுக்கு நடுவே சக்கரம் இறுகி நிற்கிறது.

விடிவதற்குள் டியூபின் வால்வை அறுத்துவிடப் போகிறேன். டியூப் மாற்றச் சக்கரத்தைக் கழற்றித்தானே ஆக வேண்டும், அப்போது ஸ்பேசரையும் உள்ளே போட வைத்துவிடுவேன்.