கன்னியம்மாள் பேரில் கொடுத்த ரத்தம்

கே.ஜி.கண்டிகை,
சித்திரை 19.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அந்தக் குளிர் தேசத்துல சளி, காய்ச்சல் இல்லாம சொகமா இருக்கணும்னு தணிகைமலையானை வேண்டிகினு ஆரம்பிக்கிறேன். இங்க நைனா சொகம், முட்டி வலி மட்டும் அப்படியே இருக்குது. செவலைப் பசு கன்னு போட்டுது, தாயும் கன்னும் சொகம். நானும் சொகம்னு எழுதப் போனா கை வரலை, அதுக்குத்தான் இவ்ளோ பெரிய காயிதம். போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்ப. போன்ல நீ சாப்டியாம்மா, நைனா எப்படி இருக்காரு, சரிம்மா வேலை இருக்குதுன்னு மூணு வார்த்தையில முடிச்சுடற, நான் சொல்ல வேண்டியது மூணு வார்த்தையில அடங்காது. எட்டாவது வரைக்கும் படிச்சதை வச்சு எழுதறேன், தப்பு இருந்தா திருத்திப் படிச்சிக்கோ.

நீ டாக்டருக்குப் படிச்சு, அதுக்கு மேலயும் படிச்சு, சுகர் வியாதி ஏழைபாழைங்க கிட்னியை மட்டும் ஏன் இவ்ளோ சீக்கிரம் தின்னுடுதுன்னு ஆராய்ச்சி பண்ற. ஆர்.கே.பேட்டை பக்கத்துல இருந்து நம்ம கண்டிகை வரைக்கும் நூத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, மாசம் ஒருக்கா ஆளை அனுப்பி ரத்தம் எடுத்து, கேள்வி கேட்டு எழுதிகினு போறாங்க. பஸ்ல போனாக்கூட யுவஸ்ரீ அம்மாதானே நீங்கன்னு கேட்டு எடம் குடுக்கறாங்க. எனக்குப் பெருமைதான், இல்லன்னு சொல்லலை. ஆனா அதுக்கு மேல பொறாமையும் இருக்குது, பெத்த பொண்ணுகிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது, வயிறு எரியற பொறாமை. யார் மேலன்னா நம்ம பக்கத்து வீட்டு கன்னியம்மாள் மேல.

அவளை நீ சேத்துகினது நியாயம்தான். புருஷன் போய் எட்டு வருஷம், பவர்லூம்ல நூல் சுத்தறா, ரெண்டு பையனுங்களும் கம்பெனி வேலைன்னு வெளியூர் போயிட்டானுங்க. ஏழு வருஷமா சுகர். எனக்கும் லேசா சுகர்னு முகாம்ல சொன்னாங்க, என்னையும் சேத்துக்கோயேன்னு நான் கேட்டப்ப நீ என்ன சொன்ன, நீ என் அம்மா, சொந்தக்காரங்களைச் சேத்தா ஆராய்ச்சி செல்லாது, அதுவும் இல்லாம நமக்கு நிலம் இருக்குது, நீ அந்தக் கணக்குல வரமாட்டன்னு சிரிச்சிகினே சொன்ன. அப்புறம் நீயே அவ வீட்ல ஃபேன் இல்ல, மேஜை இல்ல, நம்ம வீட்ல உக்காரவச்சு எடுக்கட்டும்மான்னு ஏற்பாடு பண்ண. சரின்னேன். மாசாமாசம் ரத்தம் எடுக்கற அந்த உதயா பொண்ணு வரும், கன்னியம்மாள் தலை சீவி பவுடர் பூசிகினு நம்ம வீட்டு நாற்காலியில வந்து உக்காருவா, நான் மோர் கலக்கிக் குடுப்பேன். குடுத்ததும் அந்தப் பொண்ணு, தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி, கொஞ்சம் வெளிய இருங்க, பேஷண்ட் சொல்றதை வேற யாரும் கேக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்கன்னு சொல்லும். மேடம்னா நீ. என் வீட்ல இருந்து என்னை வெளிய அனுப்பிட்டு என் பொண்ணு எழுதின கேள்வியை அவகிட்ட கேப்பாங்க. நான் மாட்டுக் கொட்டாய்ல நின்னுகினு ஜன்னல் வழியா காதைத் தீட்டிகினு இருப்பேன். கால் எரியுதா, பாதத்துல மதமதப்பு இருக்குதா, ராத்திரியில எத்தினி வாட்டி ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கறீங்க, மனசு பாரமா இருக்குதா. இதுல ஒண்ணையாவது நீ என்னைக் கேட்டிருப்பியாடி. இது பத்தாதுன்னு ஞாயித்துக்கிழமையானா அவளுக்கு நீயே போன் பண்ணி அரை மணி நேரம் பேசற. அதை அவ தண்ணிக் கொழாய்கிட்ட நின்னு பத்து பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லுவா, டாக்டரம்மா எங்கிட்ட அப்படிக் கேட்டுது, இப்படிக் கேட்டுதுன்னு. எனக்குக் குடத்தைத் தூக்கி அவ தலையில கவுக்கலாமான்னு இருக்கும்.

பங்குனி கிருத்திகை அன்னைக்கு நடந்ததைக் கேளு. கன்னியம்மாள் கிருத்திகை தவறாம பச்சைத் தண்ணிகூட பல்லுல படாம விரதம் இருந்து மலைக்குப் படியேறிப் போறவன்னு உனக்குத் தெரியும். அன்னைக்குப் பாத்து ரத்தம் எடுக்க ஆள் வர்ற நாளும் சேந்துகிச்சு. விரதத்துல ஊசி குத்திக்க மாட்டேன், நாளைக்கு வரச் சொல்லிடு தேவானைன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா. உதயாவுக்குக் கொழந்தை பொறந்து லீவுல இருக்குதாம், அதுக்குப் பதிலா டெபோரான்னு அரக்கோணத்துப் பொண்ணு புதுசா வந்துது. அதுக்கு யார் மூஞ்சியும் தெரியாது. மேஜை போட்ட வீடுன்னு அடையாளம் சொல்லியிருப்பாங்க போல, நேரா நம்ம வீட்டுக்கு வந்து கன்னியம்மாள் அம்மாங்களான்னு கேட்டுது. நான் ஆங்ன்னேன். சத்தியமா முன்னாடியே நினைச்சு வச்சு செஞ்சது இல்ல. வாயில வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம் இல்லன்னு சொல்ல மனசு வரலை. உக்காந்தேன், கையை நீட்டினேன், ரத்தம் எடுத்துகிச்சு. அப்புறம் நீ எழுதின கேள்வி அத்தனையும் என்னைக் கேட்டுது, நான் அத்தனைக்கும் என் உடம்பைப் பத்தி உள்ளது உள்ளபடி சொன்னேன். கால் எரியுதுன்னேன். நாலு வாட்டி எழுந்திருக்கறேன்னேன். மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டுது, எப்பவோ முகாம்ல குடுத்தது தீந்துபோச்சு, அப்புறம் வாங்கலைன்னேன். உடம்பு முடியலன்னா முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்கன்னு கேட்டப்ப என் பொண்ணுகிட்டன்னு சொன்னேன், அதையும் எழுதிகிச்சு. அந்தப் பேப்பர் உங்கிட்ட வந்துதில்ல யுவா, கன்னியம்மாளுக்கு ஏதுடி பொண்ணுன்னு உனக்குத் தோணவே இல்லையா. அந்த ஒரு மணி நேரம் நீயே எதிர்ல உக்காந்து கேக்கற மாதிரி எனக்கு அவ்ளோ நெறைவா இருந்துது. மறுநாள் அவ கேட்டப்ப, இந்த மாசம் எடுக்கலையாம், அடுத்த மாசம் பாத்துக்கலாமாம்னு பொய் சொல்லிட்டேன்.

பத்து நாள் கழிச்சு ரத்தத்தோட ரிசல்ட் வந்ததும் நீ அவளுக்குப் போன் பண்ண. எனக்குக் கேக்கணும்னே அவ நம்ம வீட்ல வந்து ஸ்பீக்கர் போட்டுதான் பேசினா, நான் அடுப்புக்கிட்ட நின்னுகினு இருந்தேன். சுகர் எக்கச்சக்கமா இருக்குது, கிட்னி எண்ணும் ஏறியிருக்குது, மாத்திரையே சாப்பிடலையாமே, கால் எரியுதுன்னு ஏன் இத்தினி நாளா எங்கிட்ட சொல்லலை, நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டு நீ அழுதுட்ட. மாசி மாசம் எடுத்த ரத்தத்தைச் சொல்றன்னு நினைச்சுகினு அவ திருதிருன்னு முழிக்கிறா, நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன், மாத்திரை சாப்பிட்டுகினுதானே இருக்கேன்னு இழுக்கறா, பயத்துல மறைக்கிறான்னு நீ நினைச்சுகின. அப்பவே கரண்டியைப் போட்டுட்டு ஓடியாந்து, அது என் ரத்தம்டின்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. உன் படிப்பைக் கெடுத்துட்டேன்னு திட்டுவியோன்னு பயம் பாதி. மீதி என்னன்னா, நீ அழறதைக் கேட்டுகினே இருக்கணும்னு இருந்துது. என் வியாதிக்குத்தான் நீ அழற, ஆனா அவளைக் கூப்பிட்டு அழற. அதை அவ வாங்கிகினு போறாளேன்னு எனக்கு அழுகை வந்துது, வெங்காயத்து மேல பழியைப் போட்டேன்.

நீ சொன்னன்னு அவ போய் டாக்டரைப் பாத்தா, நீ அனுப்பின ரத்தச் சீட்டை வச்சு அவர் மாத்திரையை ஏத்திக் குடுத்துட்டாரு. ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு நீ சொல்லியிருந்த இல்ல, சித்திரை கிருத்திகை அன்னைக்கும் வெறும் வயித்துல அதைப் போட்டுகினு மலைக்குக் கெளம்பிட்டா. மாத்திரையையும் விடலை, விரதத்தையும் விடலை. எனக்கு மனசு குறுகுறுன்னு இருந்துதுன்னு நானும் கூடவே போனேன். பாதிப் படிகூட ஏறலை, வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, என்னைப் பாத்து யாருன்னு கேக்கறா. அப்படியே படியில சாஞ்சுட்டா. எறங்கி வந்துகினு இருந்த ஒருத்தர் கையில பஞ்சாமிர்த டப்பா இருந்துது, புடுங்காத குறையா வாங்கி அவ நாக்குல தடவினேன், தடவிகினே இருந்தேன். இருவது வருஷமா தவறாத விரதத்தை நான்தான் என் கையால முறிச்சேன். கீழ தூக்கியாந்து ஆஸ்பத்திரியில சேத்தோம், சுகர் அடிமட்டத்துக்கு எறங்கிடுச்சு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உசுரு போயிருக்கும்னு சொன்னாங்க. அங்க கட்டில்கிட்ட நின்னுகினு டாக்டர்கிட்டயும் அவகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். டாக்டர் அவளுக்குப் பழைய மாத்திரையையே எழுதிட்டாரு, இப்ப தேவலை, நேத்து வேலைக்குக்கூடப் போயிட்டா. ஆனா எங்கூட பேசலை. அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. எனக்குன்னு கேக்கறதுக்கு ஒருத்தி இருந்தா, அதையும் உனக்கு வேணும்னு எடுத்துகினியேன்னு சொன்னா. அவ என் சோத்தைப் பறிச்சுகினதா நினைச்சுகினு இத்தினி நாள் எரிஞ்சேன், பறிச்சது நானு.

அப்புறம் டாக்டர் என் பேர்லயே ரத்தம் எடுத்துப் பாத்தாரு. அதே எண்ணு, ஒண்ணு ரெண்டு கூட. கிட்னி டாக்டரைப் பாக்கணும், தள்ளிப்போடக் கூடாதுன்னு வேலூருக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு. அது பீரோவுல இருக்குது. நைனாவுக்குத் தெரியாது. சொன்னா கரும்பு வெட்டு முடியட்டும், அடுத்த வாரம் போலாம்பாரு, அந்த அடுத்த வாரம் எப்ப வரும்னு உனக்கே தெரியும். நிலம் இருக்குதுன்னு என்னைக் கணக்குல சேக்கலையே கண்ணு, அந்த நிலம் நைனா பேர்ல இருக்குது. பால் கறந்து, ஆளுக்குச் சோறாக்கி அனுப்பிட்டு, திருத்தணிக்கு பஸ் ஏறிப் போயி அரை நாள் உக்காந்து ரத்தம் பாத்துகினு வர நிலத்துக்காரன் பொண்டாட்டிக்கு யார் விடறாங்க. உன் ஆராய்ச்சியில அப்படி ஒரு கேள்வி இருக்குதான்னு தெரியலை, இல்லன்னா எழுதிக்கோ.

முருகன் உனக்கு நீண்ட ஆயுசும் நிம்மதியும் குடுக்கணும், எடுத்த காரியம் நல்லபடியா முடியணும், என்னால வந்த கெடுதல் அதோட தொலையணும். பங்குனி மாசப் பேப்பரை மறக்காம கோடு போட்டு அடிச்சுடு, அது கன்னியம்மாளோடது இல்லன்னு உங்க பெரியவங்ககிட்டயும் சொல்லிடு. டெபோரா பொண்ணு மேல தப்பு இல்ல, அதைத் திட்டாதே. காயிதம் கிடைச்சதும் முதல்ல கன்னியம்மாளுக்குப் போன் பண்ணு, அரை மணி என்ன, ஒரு மணி நேரம் பேசு, நான் காது குடுக்க மாட்டேன். அப்புறம் நைனாவைக் கூப்பிட்டு வேலூர் விஷயத்தை நீயே சொல்லு, நீ சொன்னாத்தான் அவர் கேப்பாரு. கடைசியா எனக்குப் பண்ணு. சுகர் எண்ணு எவ்ளோன்னெல்லாம் கேக்காதே, அது உங்கிட்டயே இருக்குது. திட்டணும்னா திட்டு. அழுகை வந்தா அடக்கிக்காதே, இந்த வாட்டி என் பேரைச் சொல்லி அழு.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சிகினு இருக்கிற அம்மா,
ஆ. தேவானை.